வீட்டுத் தென்னை வாடுகிறதா? அறிகுறியை வைத்துக் காரணம் கண்டறிந்து சரிசெய்யும் வழிமுறை

தென்னைக்குக் கிளை கிடையாது. உச்சியில் இருப்பது ஒரே ஒரு குருத்து. அது அழிந்தால் பக்கத்தில் வேறொன்று துளிர்க்காது. மாவும் வேம்பும் ஒரு கிளையை இழந்துவிட்டுப் பிழைத்துக்கொள்ளும். தென்னைக்கு அந்த வசதி இல்லை. இல்லாத நோய்க்கு மருந்து வைத்துக்கொண்டிருக்கும் இரண்டு மாதத்தில், இருக்கும் நோய் வேலையை முடித்துவிடும். அதனால் என்ன மருந்து என்று கேட்பதற்கு முன், வாட்டம் எந்த அடுக்கு மட்டையில் தொடங்கியது என்று பாருங்கள். பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும்.

முதலில் கொண்டையைப் படியுங்கள்

காய்ப்பில் உள்ள மரம் மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு மட்டை விடுகிறது. நெட்டை மரத்தின் நல்ல கொண்டையில் 30 முதல் 35 விரிந்த மட்டைகள் நிற்கும். ஒரு மட்டை விரிந்து, முதிர்ந்து, காய்ந்து விழ இரண்டரை ஆண்டுக்கு மேல் ஆகும். ஆகவே கொண்டை ஒரு நாட்காட்டி. விரிந்த முதல் மட்டையிலிருந்து கீழ்நோக்கி எண்ணினால், பத்தாவது மட்டை ஏறத்தாழ பத்து மாதத்துக்கு முன்பு விரிந்தது. அதில் தெரியும் வெட்டோ மடிப்போ அது குருத்தாக இருந்தபோதே நேர்ந்தது. பூச்சி போய் ஒரு வருடம் ஆகியிருக்கலாம். இன்று தெரியும் காயம் இன்றைய நோய் அல்ல என்பதை மறந்துவிட்டு மருந்து அடிப்பதுதான் வீட்டுத் தென்னையில் நடக்கும் பெரிய வீண்செலவு.

கீழே நின்றே பாதி பார்த்துவிடலாம். தொலைநோக்கியோ போனின் கேமராவைப் பெரிதாக்கிப் பார்ப்பதோ போதும். மரம் ஏறிப் பழகியவர் மட்டுமே மேலே போகட்டும். மின்கம்பி மட்டையைத் தொடும் தூரத்தில் இருந்தால், மின் இணைப்பைத் துண்டித்த பிறகே ஏற வேண்டும்.

பார்க்கும் வரிசை இது:

- நடுக்குருத்து மட்டும் வாடியிருக்கிறது, சுற்றி எல்லாம் பச்சை: குருத்தழுகல், அல்லது வண்டு, அல்லது இரண்டும்.
- அடி அடுக்கு மட்டைகள் மட்டும் மஞ்சளாகித் தண்டோடு ஒட்டித் தொங்குகின்றன: சந்தேகம் தூரிலும் வேரிலும்.
- அடி மட்டைகள் மஞ்சள், ஆனால் தொங்கவில்லை: சத்துக் குறைவு, அல்லது தண்ணீர்.
- மட்டைகள் எல்லாம் ஓரிரு நாளில் ஒன்றாகச் சரிந்தன: இடி விழுந்திருக்கலாம்.
- கொண்டை நன்றாக இருக்கிறது, காய் மட்டும் கெட்டிருக்கிறது: சிலந்தி, சத்து, மகரந்தச் சேர்க்கை.

இவற்றில் எதிலும் அடங்காத மரங்களும் உண்டு. இரண்டு நோய் சேர்ந்து வந்த மரம் அப்படித்தான் குழப்பும். அப்போது குருத்தை மிரட்டுவது எதுவோ அதை முதலில் கவனியுங்கள். மஞ்சள் மட்டை காத்திருக்கும், குருத்து காத்திருக்காது.

நடுக்குருத்து வாடி, இழுத்தால் கையோடு வருகிறது

மழைக்காலத்தில், காற்றில் ஈரம் நிற்கும் நாட்களில் இப்படி ஆனால் குருத்தழுகல் என்று எண்ணித் தொடங்குங்கள். இதை உண்டாக்குவது ஃபைட்டோப்தோரா என்னும், பூஞ்சாணம் போன்ற நுண்ணுயிர். குருத்தோலை முதலில் பளபளப்பை இழந்து வெளிறும், பிறகு பழுப்பாகிச் சாயும். இழுத்துப் பார்த்தால் அடிப்பகுதி கூழாகி, குமட்டும் நாற்றத்தோடு வெளியே வரும். மென்ற நார், துளை, புழு எதுவும் இல்லாமல் நாற்றம் மட்டும் இருந்தால் குருத்தழுகல் உறுதி. நார்ச் சக்கை இருந்தால் அடுத்த பகுதியையும் படியுங்கள்.

செய்ய வேண்டியது அறுவைதான். மழை இல்லாத வேளையில், கூரான கத்தியால் அழுகிய குருத்தையும் அதைச் சுற்றி நிறம் மாறிய இளம் மட்டைகளின் அடியையும் வெட்டி எடுங்கள். வெள்ளையான, உறுதியான, நாற்றமில்லாத சதை தென்படும் வரை வெட்ட வேண்டும். பழுப்பு விளிம்பு விரல்நுனி அளவு மிஞ்சினாலும் அழுகல் அங்கிருந்து மறுபடி தொடங்கும். வெட்டிய இடம் முழுக்கப் போர்டோ பசையை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த மருந்து; செய்முறை அடுத்த பகுதியில்) தடவுங்கள். அதன் மேல் பாலித்தீன் தாளை மூடி, மழைநீர் உள்ளே இறங்காதபடி கட்டுங்கள். புதுக் குருத்து தலைகாட்டும் வரை இந்த மூடி இருக்க வேண்டும். வெட்டியும் பசை தடவியும் மரம் போய்விடுவதற்குப் பெரும்பாலும் காரணம் இந்த மூடியைப் போடாததுதான். அடுத்த மழை பசையைக் கழுவிவிட்டுக் காயத்தில் தேங்கும். வெட்டி எடுத்ததைக் கீழே போடாமல் எரித்துவிடுங்கள்.

பக்கத்தில் வேறு தென்னை இருந்தால் அதன் குருத்திலும் மட்டை இடுக்குகளிலும் 1 சதவீதப் போர்டோ கலவையைத் தெளியுங்கள். அடுத்த ஆண்டு முதல் மழை தொடங்கும் முன்பே இந்தத் தெளிப்பை முடித்துக்கொள்வது நல்லது. இன்னொரு வழி: 5 கிராம் மேங்கோசெப் என்னும் பூஞ்சாணக்கொல்லித் தூளைச் சிறு பாலித்தீன் பையில் இட்டு, ஊசியால் துளைகள் போட்டு, குருத்தை ஒட்டிய மட்டை இடுக்கில் செருகி வைப்பது. மழை பெய்யும்போதெல்லாம் மருந்து சிறிது சிறிதாகக் கசிந்து இறங்கும்.

குருத்து உயிரோடு இருக்கிறதா என்று எப்படித் தெரியும்? குருத்தோலையிலும் அதை ஒட்டிய மட்டையிலும் ஒரே மட்டத்தில் பெயின்ட்டால் கோடு போடுங்கள். இரண்டு, மூன்று வாரம் கழித்துப் பாருங்கள். குருத்துக் கோடு மேலே ஏறியிருந்தால் வளர்ச்சி இருக்கிறது. கோடு அசையவே இல்லை என்றால், சுற்றியுள்ள மட்டைகள் எவ்வளவு பச்சையாக இருந்தாலும் நம்பாதீர்கள். குருத்து செத்த பிறகும் முதிர்ந்த மட்டைகள் பல மாதம் பச்சையாகவே நிற்கும், இருக்கிற காய்கூட முற்றும்.

போர்டோ கலவை: இங்கேதான் பலருக்குத் தவறுகிறது

10 லிட்டர் கலவைக்கு மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) 100 கிராம், புதிதாகச் சுட்ட கிளிஞ்சல் சுண்ணாம்போ கல் சுண்ணாம்போ 100 கிராம்.

1. மயில்துத்தத்தைத் துணியில் முடிந்து, 5 லிட்டர் தண்ணீர் உள்ள பிளாஸ்டிக் வாளியில் மேல்மட்டத்தில் நனையும்படி தொங்கவிடுங்கள். அடியில் போட்டால் கட்டியாகக் கிடக்கும். மேலே தொங்கினால் கரைந்தது தானாகக் கீழே இறங்கும். இரவு கட்டி வைத்தால் காலையில் கரைந்திருக்கும்.
2. சுண்ணாம்பின் மேல் சிறிது சிறிதாகத் தண்ணீர் தெளித்து நீறவிடுங்கள். சூடு பறக்கும், தெறிக்கும். கண்ணுக்குக் கண்ணாடியும் கைக்கு உறையும் போடுங்கள். ஆறிய பிறகு 5 லிட்டர் தண்ணீரில் கரைத்து வடிகட்டுங்கள்.
3. நீலக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் மெல்ல ஊற்றியபடியே மரக்குச்சியால் கலக்குங்கள். மாற்றி ஊற்ற வேண்டாம். துகள் பெரிதாகி அடியில் படியும், இலையில் ஒட்டாது.
4. துரு இல்லாத இரும்புக் கத்தியை ஒரு நிமிடம் கலவையில் முக்கி எடுங்கள். கத்தியில் செம்பு நிறம் படிந்தால் அமிலம் மிச்சம் இருக்கிறது. அப்படியே அடித்தால் இளங்குருத்து கருகும். செம்பு படியாத வரை சுண்ணாம்புக் கரைசல் சேருங்கள்.

இரும்பு, அலுமினியம், தகரப் பாத்திரம் எதுவும் கூடாது. கலவையை அன்றே தீர்த்துவிட வேண்டும். மறுநாள் அது வெறும் நீலச் சேறு. சோதனையில் செம்பு படிந்துகொண்டே இருக்கிறதென்றால் சுண்ணாம்பு பழையது. காற்றுப் பட்டுப் பொடிந்த சுண்ணாம்புக்கு அமிலத்தை முறிக்கும் வலு இருக்காது.

பசைக்கும் இதே எடைதான், தண்ணீர் மட்டும் குறைவு: 100 கிராம் மயில்துத்தம் அரை லிட்டரில், 100 கிராம் சுண்ணாம்பு அரை லிட்டரில். தூரிகையால் தடவும் பதத்தில் 1 லிட்டர் பசை கிடைக்கும்.

விரிந்த ஓலையில் நேர்க்கோட்டில் நறுக்கிய முக்கோண வெட்டுகள்

காண்டாமிருக வண்டு. மடிந்திருந்த குருத்தைத் துளைத்துக்கொண்டு போனதால், விரிந்த பிறகு இரண்டு பக்கமும் ஒரே அளவில் வெட்டுத் தெரிகிறது. முன்பு சொன்ன நாட்காட்டி இங்கே நேராகப் பயன்படும். வெட்டு ஐந்தாவது மட்டைக்குக் கீழே மட்டும் இருந்து, மேல் மட்டைகள் முழுசாக இருந்தால், வண்டு வந்து போய்விட்டது. குருத்தடியில் ஈரமான, வெளிர்நிற நார்ச் சக்கை பிதுங்கியிருந்தால் வண்டு இப்போது உள்ளே இருக்கிறது.

இருந்தால், சுளுக்கி என்னும் கொக்கிக் கம்பியைத் துளையில் விட்டுக் குத்தி எடுங்கள். துளை குருத்தின் நடுவை நோக்கிப் போகிறதென்றால் கம்பியை அளவோடு விடுங்கள். வண்டு கெடுக்காத வளர்முனையைக் கம்பி கெடுத்துவிடக் கூடாது. பிறகு வேப்பம் புண்ணாக்குத் தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு கலந்து, மரத்துக்கு 150 கிராம் வீதம் குருத்தை ஒட்டிய மூன்று மட்டை இடுக்குகளில் நிரப்புங்கள். இல்லையென்றால் அந்த மூன்று இடுக்குகளிலும் இடுக்குக்கு ஒன்றாக மூன்று அந்துருண்டைகளை வைத்து மேலே மணல் போடுங்கள். அந்துருண்டை காற்றில் கரைந்துபோகும் பொருள். 45 நாளுக்கு ஒருமுறை புதிது வைக்காவிட்டால் வைத்ததற்கும் வைக்காததற்கும் வித்தியாசம் இல்லை.

வண்டு தென்னையில் முட்டையிடுவதில்லை. புழு வளர்வது எருக்குழியில், மட்கிய இலைக்குவியலில், வெட்டிப் போட்ட பழைய தென்னைத் தண்டில். அந்தக் குவியலைக் கிளறினால் வளைந்து கிடக்கும் தடித்த வெள்ளைப் புழுக்கள் தென்படும். குவியலைக் கிளறிப் புழுக்களைப் பொறுக்குங்கள், அல்லது மெட்டாரைசியம் என்னும் பச்சைப் பூஞ்சாணத்தைக் கலந்துவிடுங்கள்; அது புழுவைத் தாக்கும், எருவைக் கெடுக்காது. வீட்டுத் தோட்டத்துக்கு உரம் தயாரிக்க வைத்த குவியலே தென்னைக்கு எதிரியை வளர்ப்பது அடிக்கடி நடக்கிறது. வண்டு உள்ள மரத்துக்கு மருந்து வைத்துவிட்டுக் குவியலைத் தொடாமல் விட்டால் அடுத்த மாதமும் அதே வேலைதான்.

வளர்ந்த மரம் சில வெட்டுகளைத் தாங்கும். நட்டு மூன்று, நான்கு வருடத்துக்குள் உள்ள கன்றில் ஒரே துளை குருத்தைக் கொல்லலாம். கன்றை வாரம் ஒருமுறை குனிந்து பாருங்கள்.

தண்டில் துளை, பழுப்புச் சாறு, மென்ற நார்

சிவப்புக் கூன்வண்டு. இதுதான் சத்தமில்லாமல் கொல்வது. உண்மையில் சத்தம் உண்டு, காதைத் தண்டில் வைத்துக் கேட்டால் புழு நாரைக் கடிக்கும் கரகரப்புக் கேட்கும். காண்டாமிருக வண்டு வெளியிலிருந்து தின்றுவிட்டுப் பறந்துவிடும். கூன்வண்டோ முட்டை, புழு, கூடு எல்லாவற்றையும் தண்டுக்குள்ளேயே முடிக்கிறது. உள் மட்டைகள் மஞ்சளாகும் நேரத்தில் உள்ளே பெரும்பகுதி பொந்தாகியிருக்கும். ஒரு நாள் காற்றில் கொண்டை முறிந்து விழும்.

தாய் வண்டு காயத்தைத் தேடித்தான் முட்டையிட வருகிறது. காண்டாமிருக வண்டின் துளை, ஏறுவதற்காகத் தண்டில் வெட்டிய படி, அடித்த ஆணி, பச்சையாக இருக்கும்போது வெட்டிய மட்டை எல்லாமே வாசல். மட்டையை வெட்டியே ஆக வேண்டும் என்றால் தண்டிலிருந்து 120 சென்டிமீட்டர் விட்டு வெட்டுங்கள். வெட்டிய முனை வழியாகப் புழு இறங்கினாலும் தண்டை எட்டாது. பச்சை மட்டையை அழகுக்காகக் கழிக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். தானாகக் காய்ந்து தொங்குவதை மட்டும் எடுங்கள்.

தாக்கிய மரத்தில் முதிர்ந்த காய்களையும் இளநீரையும் முதலில் இறக்கிவிடுங்கள். துளைகளில் மேலே உள்ள ஒன்றை விட்டுவிட்டு மற்றவற்றைக் களிமண்ணாலோ சிமெண்டாலோ அடையுங்கள். இமிடாகுளோபிரிட் 17.8 சதவீத மருந்தை லிட்டருக்கு 1 மி.லி. வீதம் கலந்து, புனல் வைத்து மேல் துளையில் மெல்ல ஊற்றி, அதையும் அடைத்துவிடுங்கள். ஒரு வாரத்துக்குப் பிறகு மறுபடி காது வைத்துக் கேளுங்கள். கரகரப்பு இருந்தால் இன்னொரு முறை. மருந்து ஊற்றியதிலிருந்து குறைந்தது 45 நாள் அந்த மரத்தின் இளநீரையும் தேங்காயையும் தொடாதீர்கள். கொண்டை சாய்ந்துவிட்ட மரத்துக்கு மருந்து ஊற்றுவதில் பொருளில்லை.

தண்டில் செம்பழுப்புச் சாறு, ஆனால் துளையும் நாரும் இல்லை

மூன்று காரணங்கள், மூன்றுக்கும் தீர்வு வேறு. சாறு எங்கே வடிகிறது என்பதுதான் பிரித்துக் காட்டும்.

தண்டு நெடுகப் பல இடங்களில் ஒரே சமயத்தில் சாறு, கொண்டையும் சரிவு, அதற்கு முந்தைய நாட்களில் இடியோடு மழை: மின்னல் தாக்கியது. மருந்து இல்லை. குருத்து தப்பியதா என்று பெயின்ட் கோடு போட்டுப் பாருங்கள்.

தண்டில் ஆங்காங்கே வெடிப்பு, அதிலிருந்து வடிந்து கருத்துக் காய்ந்த சாறு, கொண்டை ஏறத்தாழ நலம்: சாறு வடியும் நோய். நீண்ட வறட்சிக்குப் பின் ஒரேயடியாகத் தண்ணீர் கிடைத்த மரத்திலும், அடியில் நீர் தேங்கும் மரத்திலும் அதிகம் வரும். உளியால் கருத்த பட்டையைச் செதுக்கி, நலமான சதை வரை போய், போர்டோ பசை தடவுங்கள். இரண்டு நாள் காய்ந்ததும் மேலே தார் பூசலாம். செதுக்கிய சில்லுகளை எரியுங்கள். ஆண்டுக்கு 5 கிலோ வேப்பம் புண்ணாக்கை மரத்தைச் சுற்றியுள்ள வட்டப்பாத்தியில் இடுங்கள். வடிகாலைச் சரிசெய்யாமல் பசை மட்டும் தடவினால் சாறு வேறு இடத்தில் வெடிக்கும்.

தூரிலிருந்து தொடங்கி மேலே ஏறும் சாறு, கூடவே அடி மட்டைகள் மஞ்சளாகித் தண்டைச் சுற்றித் தொங்குவது: அடித்தண்டழுகல். தஞ்சாவூர் வாடல் நோய் என்று பெயர் பெற்றது. 1952 புயலுக்குப் பிறகு தஞ்சைப் பகுதியில் கண்டறியப்பட்டது. கானோடெர்மா என்னும் பூஞ்சாணம் வேர் வழியாக நுழைந்து தூரை உள்ளிருந்து தின்கிறது. சாறு வெளியே தெரியும்போது வேரில் பெரும்பகுதி செத்திருக்கும். தூரின் ஓரத்தில் மண்ணைத் தோண்டி வேரைப் பாருங்கள்: நல்ல வேர் உள்ளே வெளிறி உறுதியாக இருக்கும், நோய்ப்பட்டது பழுப்பாகி, நசுக்கினால் நொறுங்கும். மழைக்குப் பிறகு தூரில் பளபளப்பான செம்பழுப்புத் தட்டுக்காளான் முளைத்தால் சந்தேகமே வேண்டாம்.

இந்த நோயைக் குணமாக்குவது என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. ஆரம்பத்தில் பிடித்தால் நிறுத்தி வைக்கலாம். அதற்கான வேலைகள்:

காளானைப் பெயர்த்து எரித்துவிடுங்கள். தண்டிலிருந்து 1.2 மீட்டர் தள்ளி, 60 சென்டிமீட்டர் ஆழம், 30 சென்டிமீட்டர் அகலத்தில் சுற்றிலும் பள்ளம் வெட்டுங்கள். பக்கத்து மரத்தின் வேரோடு தொடர்பு அறுபட வேண்டும். ஒரு மரத்தின் பாத்தியிலிருந்து இன்னொன்றுக்குத் தண்ணீர் ஓடவிடாதீர்கள். தனித்தனியாகவே பாய்ச்சுங்கள். பாத்தியில் 40 லிட்டர் 1 சதவீதப் போர்டோ கலவையை ஊற்றி நனையுங்கள். ஹெக்சகோனசோல் என்னும் பூஞ்சாணக்கொல்லி 2 மி.லி.யை 100 மி.லி. தண்ணீரில் கலந்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வேர் வழியாகக் கொடுங்கள். ஆண்டுக்கு 5 கிலோ வேப்பம் புண்ணாக்கு, 50 கிலோ தொழுஉரம், அதோடு 200 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி.

இந்தக் கடைசி வரியில் ஒரு கண்ணி இருக்கிறது. டிரைக்கோடெர்மாவும் பூஞ்சாணம்தான், நல்ல பூஞ்சாணம். போர்டோ ஊற்றிய பாத்தியில் உடனே அதை இட்டால் செம்பு அதையும் கொன்றுவிடும். இரண்டுக்கும் நடுவில் குறைந்தது ஒரு மாதம் விடுங்கள்.

வேர் வழியாக மருந்து கொடுப்பது

தண்டிலிருந்து முக்கால் மீட்டர் தள்ளி மெதுவாகத் தோண்டினால் பென்சில் பருமனில் வேர்கள் தெரியும். முனை வெளிறி, தோல் செம்மஞ்சளாக, உயிர்ப்போடு இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். கருத்து முதிர்ந்த வேர் உறிஞ்சாது. கூரான கத்தியால் ஒரே இழுப்பில் சாய்வாக வெட்டுங்கள். நசுங்கினால் குழாய்கள் அடைபடும். மருந்துக் கரைசல் உள்ள பாலித்தீன் பையில் வேர்முனை அடி வரை படும்படி நுழைத்து, வாயைக் கட்டி, மண்ணை லேசாகத் தள்ளி மூடுங்கள். 24 மணி நேரத்தில் பை காலியாகியிருக்க வேண்டும். அப்படியே இருந்தால் வேறு வேர். மண் ஓரளவு காய்ந்திருக்கும்போது உறிஞ்சல் வேகமாக இருக்கும்; நீர் பாய்ச்சிய மறுநாள் முயன்றால் பை நிறையவே கிடக்கும். முதிர்ந்த காய்களை முன்னமே இறக்கிவிடுவதும், 45 நாள் காத்திருப்பதும் இங்கேயும் பொருந்தும். மோனோகுரோட்டோபாஸ் போன்ற கடும் நஞ்சை வேரில் கட்டச் சொல்லும் பழைய ஆலோசனையை, குழந்தைகளும் கோழியும் உலவும் வீட்டு முற்றத்தில் கேட்காதீர்கள்.

அடி மட்டைகள் மஞ்சள், ஆனால் விறைப்பாக நிற்கின்றன

நோய் இல்லை, பசி. ஓலையின் நுனியும் விளிம்பும் மஞ்சளாகிக் கருகி, நடு ஈர்க்கை ஒட்டிப் பச்சை மிஞ்சினால் சாம்பல்சத்து, அதாவது பொட்டாஷ், குறைவு. மட்டையின் நடுத்தண்டை ஒட்டிப் பச்சைப் பட்டையும் வெளிப்பக்கம் பளிச்சென்ற மஞ்சளும், அதுவும் வெயில் படும் பக்கம் அதிகமாக இருந்தால் மெக்னீசியம். 500 கிராம் மெக்னீசியம் சல்பேட் பாத்தியில் இடுங்கள். கொண்டை முழுக்க வெளிறியிருந்தால் தழைச்சத்து, அல்லது தேங்கிய தண்ணீர்.

காய்க்கும் நெட்டை மரத்துக்கு ஆண்டுக்கு யூரியா 1.3 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 2 கிலோ, பொட்டாஷ் 2 கிலோ, தொழுஉரம் 50 கிலோ. ரசாயன உரத்தை இரண்டாகப் பிரித்து, மண் ஈரமாக இருக்கும் இரண்டு பருவத்தில், 1.8 மீட்டர் ஆர வட்டப்பாத்தியில் பரப்பிக் கொத்திவிடுங்கள். தூரை ஒட்டிக் கொட்டுவதில் பயனில்லை. உணவு உறிஞ்சும் வேர் இருப்பது பாத்தி முழுக்க. வீட்டு முற்றத்தில் அந்தப் பாத்தியின் மேல் சிமெண்ட் தளம் போட்டிருந்தால் எந்த உரக்கணக்கும் உதவாது. தளத்தை உடைத்து மண்ணைத் திறந்துவிடுவதுதான் முதல் மருந்து.

மஞ்சளான மட்டை மறுபடி பச்சையாகாது. உரத்தின் பலனைப் புது மட்டைகளில் தேடுங்கள். காயில் பலன் தெரிய இரண்டு ஆண்டுக்கு மேல் ஆகும், ஏனென்றால் வெளிவரப் போகும் பாளை மட்டையடியில் அதற்கு வெகு முன்பே உருவாகிவிடுகிறது. ஆறு மாதம் பார்த்துவிட்டு உரம் வேலை செய்யவில்லை என்று நிறுத்துபவர்கள் பலன் வரும்முன் கையைக் கழுவுகிறார்கள்.

புது மட்டைகள் குட்டையாக, ஓலைகள் பிரியாமல், நுனி கொக்கியாக வளைந்து வந்தால் போரான் குறைவு. போராக்ஸ் 50 கிராம் பாத்தியில், மூன்று மாதத்துக்கு ஒருமுறை, புது மட்டை நேராக வரும் வரை மட்டும். போரான் அளவு மீறினால் நஞ்சு.

ஓலையில் கரி பூசியது மாதிரி கருப்பு

ஓலையின் அடிப்பக்கத்தைத் திருப்புங்கள். வெள்ளை மெழுகுச் சுருள் வட்டங்கள் தெரிந்தால் ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ. 2016இல்தான் இந்தியாவில் இது முதன்முதலில் பதிவானது. ஈ கழிக்கும் தேன்போன்ற திரவத்தின் மேல் கரும்பூஞ்சாணம் வளர்வதுதான் அந்தக் கருப்பு. பூஞ்சாணம் ஓலைக்குள் நுழைவதில்லை. பார்க்கப் பயங்கரம், ஆனால் இதனால் தென்னை சாவதில்லை.

பூச்சிக்கொல்லி அடிக்காதீர்கள். இந்த ஈயைத் தின்று கட்டுக்குள் வைப்பது என்கார்சியா என்னும் நுண்ணிய குளவி. மருந்து முதலில் கொல்வது அதைத்தான். எட்டும் உயரமானால் விசையோடு தண்ணீர் பீய்ச்சி ஓலையின் அடிப்பக்கத்தைக் கழுவுங்கள். மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டுங்கள். கருப்பு அடர்த்தியாக இருந்தால் லிட்டருக்கு 25 கிராம் மைதாவைக் காய்ச்சிக் கஞ்சியாக்கி, ஆறவைத்துத் தெளியுங்கள். காய்ந்து உரியும்போது கரியையும் உரித்துக்கொண்டு போகும்.

கருப்பு இல்லாமல் அடி மட்டைகள் தீய்ந்ததுபோல் காய்ந்து, ஓலைக்கு அடியில் நூலும் எச்சமும் சேர்ந்த கூடுகள் இருந்தால் கருந்தலைப்புழு. அதிகம் தாக்கிய இரண்டு, மூன்று அடி மட்டைகளை வெட்டி எரித்தால் வீட்டு அளவில் பெரும்பாலும் அடங்கிவிடும்.

குரும்பை உதிர்கிறது, காய் சிறுத்துப் பழுப்பாகிறது

பாளையில் உள்ள பெண்பூக்களில் பாதிக்கு மேல் உதிர்வது தென்னையின் இயல்பு. மரம் தாங்கக்கூடிய அளவை மட்டும் வைத்துக்கொள்கிறது. இயல்பு மீறி, எலுமிச்சை அளவு வந்த பிறகும் கொட்டினால் வறட்சி, பொட்டாஷ், போரான் என்ற வரிசையில் பாருங்கள்.

குரும்பையின் காம்பை ஒட்டிய செதிலுக்கு வெளியே வெளிறிய முக்கோணத் தழும்பு தெரிந்து, காய் வளர வளர அது பழுப்பாகி வெடித்தால் ஈரியோபைட் சிலந்தி. கண்ணுக்குத் தெரியாத இந்தச் சிலந்தி செதிலுக்கு அடியில் இளந்திசுவைச் சுரண்டுவது முதல் சில மாதங்களில். பெரிய காயில் தெரிவது ஆறிப்போன தழும்பு. அதற்கு மருந்து அடிப்பது நாட்காட்டியைத் தலைகீழாகப் படிப்பது. புதிதாகக் காய் பிடித்த இளங்குலைகளை மட்டும் குறிவையுங்கள்: 1 சதவீத அசாடிராக்டின் (வேம்பிலிருந்து எடுக்கும் மருந்து) லிட்டருக்கு 5 மி.லி., கொஞ்சம் காதி சோப்புக் கரைசலோடு, செதில் நனையும்படி. பொட்டாஷ் குறையாமல் கொடுத்த மரம் தாக்குதலை நன்றாகத் தாங்கும். தழும்பான காயின் பருப்பைத் தாராளமாகச் சாப்பிடலாம், உரிப்பதுதான் சிரமம்.

ஓலைகள் துவண்டு, உள்நோக்கி வளைகின்றன

மட்டையின் ஓலைகள் விறைப்பிழந்து, விலா எலும்பு வரிசை போல உள்ளே மடங்கி, நடு அடுக்கு மஞ்சளாகி, பாளைகள் கருகினால் கேரள வேர் வாடல். காரணம் ஃபைட்டோபிளாஸ்மா என்னும் நுண்ணுயிர். கண்ணாடி இறக்கைப் பூச்சியும் தத்துப்பூச்சியும் பரப்புகின்றன. மருந்து கிடையாது. மரம் சட்டென்று சாவதும் கிடையாது. எருவும் உரமும் தண்ணீரும் கொடுத்துப் பல ஆண்டு காய் எடுக்கலாம். ஆண்டுக்குப் பத்துக் காய்க்கும் குறைவாக இறங்கிய மரத்தை வைத்திருப்பது மற்ற மரங்களுக்கு ஆபத்து.

எப்போது வெட்டுவது

குருத்துக் கோடு மூன்று வாரமாக அசையவில்லை. தூரில் தட்டுக்காளானும் கொண்டையில் பாதிக்கு மேல் மட்டை இழப்பும் ஒன்றாக இருக்கின்றன. கூன்வண்டால் கொண்டை சாய்ந்துவிட்டது. இந்த மூன்றில் ஒன்று போதும். அடித்தண்டழுகல் கண்ட மரம் வீட்டுக்கோ பாதைக்கோ மேல் சாயும் நிலையில் இருந்தால் காத்திருக்கவே வேண்டாம். மரச்சுத்தியலால் தூரைச் சுற்றித் தட்டுங்கள். ஒரு பக்கம் உள்ளே பொந்து இருப்பது போன்ற ஓசை வந்தால் காற்று அதைத் தேர்ந்தெடுக்கும்முன் நீங்கள் முந்திக்கொள்ளுங்கள். அப்படிப்பட்ட மரத்தில் ஆள் ஏறக் கூடாது. பக்கத்தில் கட்டடம் இருந்தால் கிரேன் வைத்து மேலிருந்து துண்டு துண்டாக இறக்குவார்கள். அந்த வேலை தெரிந்தவரிடமே விடுங்கள்.

வெட்டியதும் தூரை வேரோடு தோண்டி எடுத்து எரியுங்கள். மண்ணுக்கு மேல் அறுத்துவிட்டு விட்ட கட்டையில் கானோடெர்மா பல ஆண்டு வாழும். தண்டை முற்றத்தில் போட்டு வைத்தால் மட்கும்போது காண்டாமிருக வண்டுக்கும், பச்சையாக இருக்கும்போது கூன்வண்டுக்கும் வீடாகும். ஒரு வாரத்துக்குள் பிளந்து காயவைத்து எரித்துவிடுங்கள். கூன்வண்டு மரமானால் பிளக்கும்போது உள்ளே இருக்கும் நார்க்கூடுகளைத் தேடி நசுக்குங்கள். ஒவ்வொன்றிலும் வெளிவரக் காத்திருக்கும் ஒரு வண்டு இருக்கும்.

தோண்டிய குழியில் 5 கிலோ வேப்பம் புண்ணாக்கும் டிரைக்கோடெர்மா கலந்த எருவும் இட்டு மூடிவிட்டு, புதுக் கன்றை அந்த இடத்திலிருந்து சில மீட்டர் தள்ளி நடுங்கள். பழைய குழியில் இரண்டு மூன்று ஆண்டுக்கு வாழை போடலாம். கானோடெர்மா வாழையைத் தாக்காது, வாழைக்குக் கொடுக்கும் தண்ணீரும் எருவும் அந்த மண்ணில் நல்ல பூஞ்சாணங்களை வளர்க்கும்.